கஃபாலாவும் ஒரு வாய்ப் பாலும்

செஃப்ரூ ஊரில், ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஹம்மாம் என்கிற பெண்கள் வெந்நீர்க் குளியல்கூடத்தில் முதுகு தேய்த்துவிடும் யம்னாவைத் தெரியாது என்று ஒருத்தி சொன்னால், அவள் ஊருக்குப் புதுசாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குளிக்கிற பழக்கமே இல்லாதவளாக இருக்க வேண்டும். இருபது வருஷமாக எங்கள் பேட்டைப் பெண்கள் அத்தனை பேரும் அவள் கைக்கு அடியில் குப்புறப் படுத்து எழுந்தவர்கள்தான். கறுப்புச் சோப்பைப் பூசி, ஆவியில் ஊறவைத்து, அந்தச் சொரசொரப்பான கையுறையை மாட்டிக்கொண்டு அவள் ஒரு இழுப்பு இழுத்தால் போதும். பத்து நாள் அழுக்கு திரிதிரியாய் உருண்டு வரும். "பாருடி, ஒரு சுவர் எழுப்புற மண்ணச் சுமந்துக்கிட்டுத் திரிஞ்சிருக்க" என்று அதை எடுத்துக் காட்டாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

கை அவ்வளவு சுத்தம். வாய்தான் கொஞ்சம் நீளம்.

பத்தொன்பது வயதில் ஃபெஸ் நகரத்துத் தோல் வியாபாரி ஒருத்தனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். ஆறு வருஷம் பார்த்தான். குழந்தை இல்லை. வேறொருத்தியைக் கொண்டுவந்து, இவளைத் தலாக் சொல்லி அனுப்பிவிட்டான். வீட்டுக்கு வந்தவளைப் பார்த்து அழ வந்த சனங்களிடம், "போனவன் குறட்டையையும் சேத்து எடுத்துக்கிட்டுப் போயிட்டான், இதுல அழ என்ன இருக்கு?" என்று கேட்டாளாம். எல்லோரும் சிரித்துவிட்டுப் போனார்கள். ஆனால் குழந்தை இல்லையே என்கிற குறை அவளை விட்டுப் போகவில்லை. ஹம்மாமில் தாய்மார்கள் தலைக்கு ஊற்றிக்கொள்கிற நேரத்தில் அவர்கள் குழந்தைகளை இவள்தான் மடியில் வாங்கி வைத்திருப்பாள். திருப்பிக் கொடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் எதையோ பிடுங்கின மாதிரி இருக்கும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அவளுக்கு இருக்கிற ஒரே ரத்த உறவு தங்கை ரஹ்மா. பத்து வயது இளையவள். தாய் தகப்பன் போன பிறகு இவள்தான் வளர்த்து, பாலில் என்கிற பக்கத்து ஊரில் இத்ரீஸ் என்கிற லாரிக்காரனுக்குக் கட்டிக்கொடுத்தாள். பாலில் எங்கே இருக்கிறது? ஐந்து கிலோமீட்டர். மலைச்சரிவில் ஏறினால் வந்துவிடும். அந்த ஐந்து கிலோமீட்டரை அக்காளும் தங்கையும் ஆறு வருஷமாகத் தாண்டவில்லை.

எல்லாம் இந்த வாயால் வந்த வினை. ரஹ்மாவுக்குக் கல்யாணமாகி நாலு மாதம். அவள் மாமியார் லல்லா தாஹ்ரா ஒரு வியாழக்கிழமை செஃப்ரூ ஹம்மாமுக்கு வந்தாள். சம்பந்தியம்மா ஆயிற்றே என்று யம்னா தனி மரியாதையாகத் தேய்த்துவிட்டாள். முதுகு ஆச்சு, கால் ஆச்சு, வலது கையும் ஆச்சு. அந்த நேரத்தில் கூட்டத்தில் யாரோ ஹரீரா சூப்பைப் பற்றிப் பேச்செடுத்தார்கள். யம்னாவுக்கு நாக்கு நின்றால்தானே?

"எங்க சம்பந்தி வீட்டு ஹரீரா இருக்கே, அது சூப்பு இல்ல, கிணத்துத் தண்ணி. குடிச்சாத் தண்ணித் தாகம் தீந்துரும்னு என் தங்கச்சியே சொன்னா!"

வெந்நீர்க் கூடமே அதிர்ந்து சிரித்தது. தாஹ்ரா சிரிக்கவில்லை. எழுந்தாள், இடது கை தேய்க்காமல் பாக்கி நிற்க, துண்டைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். வீட்டுக்குப் போனதும் கரண்டியை மருமகள் கையில் திணித்து, "தாகம் தீக்காத ஹரீராவ நீயே வையி தாயி. பதினோரு பேருக்கும் இனிமே நீதான்" என்று சொல்லிவிட்டாள். ரெண்டு வருஷம் ரஹ்மா அடுப்பை விட்டு நகரவில்லை. அக்காளுக்கு ஒரே ஒரு சேதி அனுப்பினாள்: "ஒனக்கு ஒரு நிமிஷச் சிரிப்பு. எனக்கு ஆயுசுக்கும் சட்டி. என் வாசல்ல கால் வைக்காத." முதல் பையன் மர்வான் பிறந்து ஏழாம் நாள் பெயர் வைத்தபோதுகூடச் சொல்லி அனுப்பவில்லை. அன்றைக்கு யம்னா ஹம்மாமில் ஒரு வார்த்தை பேசாமல் இருபது பேரைத் தேய்த்தாள். இருபது பேருக்கும் தோல் சிவந்துபோனது.

இப்படி இருக்கையில்தான் நாற்பத்து நாலாவது வயதில் அவளுக்கு அந்தக் கிறுக்கு வந்தது. கிறுக்கு என்று நான் சொல்லவில்லை, ஊர் சொன்னது. நோன்புப் பெருநாளை ஒட்டி ஹம்மாம் பெண்களிடம் பழைய துணிமணி சேர்த்து, ஃபெஸ்ஸில் கைவிடப்பட்ட குழந்தைகள் இருக்கிற இல்லத்துக்குக் கொண்டுபோனாள். அங்கே மூன்று மாசக் குழந்தை ஒன்று, நிஸார் என்று பெயர், தூக்கிய கையோடு இவளுடைய தலைத்துணியின் முனையைப் பிடித்து வாயில் போட்டுக்கொண்டது. இழுத்தால் விடவில்லை. கொஞ்சினால் விடவில்லை. ஆயா வந்து விரலைப் பிரித்தால் ஊரைக் கூட்டுகிறது. கடைசியில் துணியை அதனிடமே விட்டுவிட்டு, குழந்தைகள் துவட்டுகிற வாத்துப் படம் போட்ட துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஷேர் டாக்ஸியில் ஊர் வந்து சேர்ந்தாள் யம்னா. டாக்ஸிக்காரன் வழியெல்லாம் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தானாம்.

மறுவாரம் போனாள். அதற்கு அடுத்த வாரமும் போனாள். இல்லத்துத் தலைவி கேட்டுவிட்டாள்.

"பொறுப்பெடுத்துக்கறீங்களாம்மா? பொண்ணுன்னா ரெண்டு வருஷம் வரிசையில நிக்கணும். பையன யாரும் கேக்கறதே இல்ல."

"ஏன், பையன் என்ன பாவம் செஞ்சான்?"

"வளந்தப்புறம் அந்நிய ஆம்பளை ஆயிடறானே. அதான்."

யம்னா அந்தப் பேச்சை அப்படியே ஹம்மாமுக்குக் கொண்டுவந்தாள். வாசலில் காசு வாங்கிப் போடுகிற ஸொஹ்ராவுக்குத் தெரியாத சட்டம் உலகத்தில் கிடையாது.

"அவ சொல்றது நெசந்தான்டி. நீ எடுத்து வளக்கலாம், சோறு போடலாம், உசுரையே குடுக்கலாம். ஆனா மார்க்கத்துல அவன் ஒனக்கு யாரும் இல்ல. மீசை மொளச்சதும் அவன் முன்னால நீ தலைய மூடிக்கிட்டு நிக்கணும். தனி வீட்டுல நீயும் அவனும் இருந்தா நாக்கு இருக்கறவ எல்லாம் பேசுவா."

"அதுக்கு வழியே இல்லையா?"

"இருக்கே. பால். உன் கூடப்பொறந்தவ ஒரு வாய் பால் குடுத்துட்டா, அவ அவனுக்குத் தாய். நீ பெரியம்மா. அப்புறம் எவ பேசுவா? அவன் ஒன் கைய முத்தம் வச்சுக்கிட்டு ஒன்கூடவே கெடப்பான்."

சொல்லிவிட்டு ஸொஹ்ரா நாக்கைக் கடித்துக்கொண்டாள். ரஹ்மாவுக்கு அப்போது ஒன்றேகால் வயதில் ஒரு பெண் குழந்தை, இன்னும் பால் குடிக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ரஹ்மா எப்படிப்பட்டவள் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

யம்னா வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். முதலில் காகித வேலை நடக்கட்டும், தங்கச்சி வேலை அப்புறம் என்று வைத்துக்கொண்டாள். பயம் அவளுக்கு.

கோர்ட்டு வாசலில், முசுக்கட்டை மரத்தடியில் தட்டச்சு இயந்திரத்தோடு உட்கார்ந்திருக்கிற ஸி பூஅஸ்ஸாதான் எங்கள் ஊருக்கு மனு எழுதுகிறவர். மனு எழுத அரை மணி, அதில் வருகிற சொல்லுக்கு விளக்கம் சொல்ல ஒரு மணி. கால் உடைந்த மேசைக்கு முட்டுக்கொடுக்காமல் அகராதியை மடியில் வைத்திருக்கிற ஒரே ஆள் அந்தத் தெருவில் அவர்தான்.

"தத்து எடுக்கணும் ஸி பூஅஸ்ஸா" என்றாள் யம்னா.

அவர் விசையிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அந்த வார்த்தைய இங்க சொல்லாதம்மா. தத்து நம்ம சட்டத்துல கெடையாது. ஒருத்தன் புள்ளைய இன்னொருத்தன் பேருல எழுத முடியாது. நீ கேக்கறது கஃபாலா."

"ஏதோ ஒண்ணு. எழுதுங்க."

"ஏதோ ஒண்ணா? மர்யம் சின்னப் புள்ளையா இருந்தப்போ ஸகரிய்யா நபி பொறுப்பேத்தாரே, வேதத்துல அங்க வர்ற சொல்லும்மா அது! நீதிபதியம்மா கேப்பாங்க, கேட்டுக்க. கஃபாலான்னா மொதல்ல, ஜாமீன் நிக்கறது. இவனுக்கு என்ன ஆனாலும் என்னக் கேளுன்னு சொல்றது. ரெண்டாவது, சோறு போட்டுத் தாங்கறது." அகராதியைப் புரட்டி விரல் வைத்தார். "இதே வேருல இன்னொரு சொல்லு இருக்கு. கிஃப்லு. பழைய அரபிங்க ஒட்டகத்துத் திமில்ல ஒரு கம்பளியச் சுத்தி வைப்பாங்களாம், பின்னால இன்னொரு ஆளு விழாம உக்கார. அந்தக் கம்பளிக்குப் பேரு."

"அப்ப நான் கம்பளியா, ஒட்டகமா?"

பூஅஸ்ஸா மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "ஒன் வாய்க்கு நீ ஒட்டகம்தான். ஆனா இது கோர்ட்டு. அங்க போயி இப்படிக் கேட்டு வைக்காத."

நீதிபதியம்மா இளம்பெண். முப்பத்தைந்து இருக்கும். மனு அவரிடம் போவதற்குள் நாலு பேர் கொண்ட குழு ஒன்று யம்னாவின் வீட்டை வந்து பார்த்துப் போயிருந்தது. பள்ளிவாசல் நிர்வாகத்து ஆள் ஒருவர், அரசு வக்கீல் ஆபீசிலிருந்து ஒருவர், பேட்டை அதிகாரி, ஒரு சமூகநலப் பெண். நாலு பேரும் டீ குடித்தார்கள். சமூகநலப் பெண் மட்டும், "அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம்க்கா, ஹம்மாமுல ஒங்க கையிலதான்" என்று வாசலில் நின்று ரகசியமாகச் சொல்லிவிட்டுப் போனாள். அதனால் அறிக்கை நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் நீதிபதியம்மா ஒரே ஒரு கேள்வியை எல்லோரிடமும் கேட்பார் என்று பூஅஸ்ஸா சொன்னது சரியாகப் போயிற்று.

"கஃபாலான்னா என்னன்னு தெரிஞ்சுதான் கேக்கறீங்களா? அவன் உங்க பேரைச் சுமக்க மாட்டான். உங்க சொத்து அவனுக்குத் தானா வராது. பெத்தவ என்னைக்காவது திரும்பி வந்து கேக்கலாம். அப்ப இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், சொல்லுங்க."

ஜாமீன், சோறு, கம்பளி எல்லாம் யம்னாவின் தலையிலிருந்து அந்த நிமிஷமே பறந்துபோயின. தெரிந்ததைச் சொன்னாள்.

"அம்மா, எனக்குப் படிப்பு இல்ல. ஹம்மாமுல ஒரு தாயி தலைக்கு ஊத்திக்கப் போறா. என் புள்ளையக் கொஞ்சம் பாத்துக்கன்னு என்கிட்ட குடுத்துட்டுப் போறா. நான் சரின்னு வாங்கிக்கறேன். தரை வழுக்கும், தண்ணி கொதிக்கும். அந்தப் புள்ள விழுந்தா யாரக் கேப்பாங்க? பெத்தவளையா? சரின்னு சொன்ன என்னத்தான் கேப்பாங்க. அது என் புள்ள இல்லைங்கறது எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். ஆனா அவ வர்ற வரைக்கும் அது விழுந்தா நான் விழுந்த மாதிரி. அவ்வளவுதாம்மா எனக்குத் தெரிஞ்சது."

"பெத்தவ வரவே இல்லைன்னா?"

"அவ வர்ற வரைக்கும்" என்றாள் யம்னா மறுபடியும்.

நீதிபதியம்மா பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "நான் ஏழு வருஷம் சட்டம் படிச்சேன்" என்று பக்கத்து எழுத்தரிடம் சொன்னாராம். எழுத்தர் பெண்டாட்டி எங்கள் ஹம்மாமுக்கு வருகிறவள், அதனால் இது பொய்யாக இருக்க முடியாது.

ஜூன் மாசம், செர்ரிப் பழம் குவிந்து கிடக்கிற வாரத்தில், எட்டு மாசத்து நிஸார் செஃப்ரூவுக்கு வந்து சேர்ந்தான். ஹம்மாம் பெண்கள் அடித்த குலவையில் பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆண்கள் யாருக்குக் கல்யாணம் என்று விசாரித்தார்கள். யம்னாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவன் கையில் ஒரு பழத்தை நசுக்கிக் கொடுத்தால் அவள் முகமெல்லாம் அப்பிவிடுவான். அப்பியதோடு வாசலில் நின்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவாள்.

மூன்றாம் நாள் ஸொஹ்ரா மூச்சிரைக்க வந்தாள். "ஏய், விஷயம் தெரியுமா? ஒன் தங்கச்சி சின்னவளுக்கு நாளைக்குப் பால் மறக்கடிக்கிறாளாம். மூசாம்பரம் வாங்கிட்டுப் போனதா மருந்துக்கடைக்காரன் சொல்றான்."

மூசாம்பரத்தைக் குழைத்துக் காம்பில் தடவிவிட்டால் எந்தக் குழந்தையும் கசப்பில் தானே விட்டுவிடும். ரெண்டு வாரத்தில் பால் வற்றிவிடும். கோர்ட்டுக் காகிதம் யம்னாவின் கையில் இருந்தது. அது அவளை ஜாமீன் என்றுதான் சொல்கிறது. சொந்தம் என்று சொல்லவில்லை. அவனுக்குப் பதினைந்து வயதாகும்போது யாரோ ஒருத்தி வாசலில் நின்று, 'இவன் ஒனக்கு யாருடி?' என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்லக்கூடியவள் பாலிலில் இருக்கிறாள், நாளைக்கு அந்தக் கதவு மூடப்போகிறது.

மறுநாள் காலையில் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு டாக்ஸி ஏறினாள். வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்: வாயத் திறக்காத. வேடிக்கை பேசாத. என்ன திட்டினாலும் வாங்கிக்க.

பாலிலில் வாசலுக்கு வாசல் பெண்கள் உட்கார்ந்து ஜெல்லாபா அங்கிக்குப் பட்டுநூல் பொத்தான் பின்னிக்கொண்டிருந்தார்கள். அந்த ஊருக்கே அதுதான் தொழில். அத்தனை ஊசியும் நின்றது. ஆறு வருஷச் சண்டை முதுகில் பிள்ளையோடு நடந்து போகிறதே, பார்க்காமல் விடுவார்களா? ஒவ்வொருத்தியாக எழுந்து பின்னால் வந்தார்கள்.

கதவைத் திறந்தது மாமியார் தாஹ்ரா.

"யாரு?"

"நாந்தான் லல்லா தாஹ்ரா. யம்னா."

"எந்த யம்னா?"

நன்றாகத் தெரியும் கிழவிக்கு. யம்னா எச்சிலை விழுங்கிக்கொண்டாள். "பாதிக் குளியல்ல உங்கள அனுப்பினவ. தப்பு என் மேலதான். என் தங்கச்சி தனியா என்கிட்டச் சொன்னத, நான் ஊர் சிரிக்கச் சொன்னேன். அவ வார்த்தைக்கு அவ காரணமா இருக்கலாம், ஊர் சிரிச்சதுக்கு நாந்தான் காரணம்."

தாஹ்ரா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு இடது கைச் சட்டையை முழங்கைக்கு மேலே சுருட்டினாள்.

"இது பாக்கி."

"என்னது?"

"அன்னைக்கு இந்தக் கை பாக்கி. அதுக்கப்புறம் எவகிட்டயும் நான் தேய்ச்சுக்கல. இந்த ஊருல தேய்க்கறவ தேய்க்கறாளா, தடவறாளா? கையுறை கொண்டாந்திருக்கியா?"

யம்னாவின் பையில் கையுறை இல்லாத நாள் ஏது? முற்றத்தில் வெந்நீர் வந்தது, சோப்பு வந்தது. பிள்ளையைப் பொத்தான்காரி ஒருத்தி வாங்கிக்கொள்ள, யம்னா அந்தக் கிழவியின் கையை மடியில் போட்டுத் தேய்த்தாள். அடேங்கப்பா, அப்படி ஒரு தேய்ப்பை அவள் மணப்பெண்ணுக்குக்கூடத் தேய்த்ததில்லை. அழுக்கு உருண்டு வந்தது. வாய் வரைக்கும் வந்த வார்த்தையை உதட்டைக் கடித்து நிறுத்தினாள்.

தாஹ்ராவே சொன்னாள்: "சொல்லித் தொலை. ஒரு சுவர் எழுப்பலாமா?"

"ரெண்டு மாடி எழுப்பலாம் லல்லா" என்றாள் யம்னா. கிழவி வயிறு குலுங்கச் சிரித்தாள்.

சமையல்கட்டு வாசலில் ரஹ்மா நின்றுகொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

"அவங்களுக்குக் கை பாக்கி, தீந்துபோச்சு. எனக்கு?" என்றாள். "ரெண்டு வருஷம் புகையில நின்னேன். புள்ளை பெத்தப்போ பக்கத்துல ஆளில்லாம கெடந்தேன். அம்மா எடத்துல இருந்தவ நீ. ஒன்ன வர வேணாம்னு சொன்னது நாந்தான். சொன்னா வராம இருந்துருவியா நீ? ஒரு தடவ கதவத் தட்டினியா?"

யம்னா இதை எதிர்பார்க்கவில்லை. திட்டுவாள் என்று நினைத்தாள், தட்டவில்லையே என்று கேட்பாள் என்று நினைக்கவே இல்லை.

"பயமாயிருந்துச்சு ரஹ்மா."

"ஒனக்கா? பயமா?"

"என் மூஞ்சியில கதவச் சாத்துவியேன்னு. அத மட்டும் என்னால தாங்க முடியாது."

"இப்ப மட்டும் எப்படி வந்த? பால் வேணும்னு வந்த. ஊரே சொல்லுது."

"ஆமா. பாலுக்குத்தான் வந்தேன்" என்றாள் யம்னா. "பொய் சொல்ல மாட்டேன். எனக்குன்னு கேக்க வெக்கமாயிருந்துச்சு. அவனுக்குன்னதும் கால் தானா நடந்துருச்சு."

ரஹ்மா பொத்தான்காரியிடமிருந்து நிஸாரை வாங்கினாள். முதலில் கன்னத்தைத் தொட்டாள், பிறகு தொடையைக் கிள்ளிப் பார்த்தாள். "நல்லாத்தான் தீனி போட்டிருக்காங்க" என்று முணுமுணுத்துவிட்டு, விரிப்பில் உட்கார்ந்து மார்பைத் திறந்து அவன் வாயில் வைத்தாள்.

நிஸார் வைத்தான் பார் ஒரு மூஞ்சி! கண்ணை இறுக்கி, நாக்கைத் துருத்தி, வீறிட்டு ஒரு அலறல்.

"ஐயோ!" ரஹ்மா தலையில் அடித்துக்கொண்டாள். "காலையிலதான் மூசாம்பரம் தடவினேன்!"

அப்புறம் அந்த வீட்டில் நடந்ததைத் திருவிழா என்றுதான் சொல்ல வேண்டும். ஒருத்தி வெந்நீர் கொண்டுவந்தாள், இன்னொருத்தி எலுமிச்சம்பழம். "தேன் தடவு" என்றாள் ஒருத்தி. "தேன் தடவினா அது பாலா, தேனா? நாளைக்கு வழக்கு வரும்" என்றாள் அடுத்தவள். கறுப்புச் சோப்போடு யம்னா முன்னால் வர, "நீ கிட்ட வராத, தோல உரிச்சுருவ" என்று ரஹ்மா கத்தினாள். கழுவித் துடைத்து மறுபடி வைத்தால், பையன் வாயை மூடிக்கொண்டான். பாட்டிலில் குடித்து வளர்ந்தவனுக்கு இது என்ன என்றே தெரியவில்லை. ஒரு தடவை, ரெண்டு தடவை, மூன்றாம் தடவை. தலையைத் திருப்பித் திருப்பி அழுதான். இவ்வளவு தூரம் வந்து, கதவு திறந்து, பிள்ளை குடிக்க மாட்டேன் என்றால் யம்னா யாரைப் போய்க் கேட்பாள்?

அந்த நேரத்தில்தான் ரஹ்மாவின் சின்ன மகள் தூங்கி எழுந்து தள்ளாடித் தள்ளாடி வந்தாள். தன் இடத்தில் வேறொருத்தன் கிடக்கிறான்! காலையில் கசந்தது இவளுக்கு, இப்போது அவனுக்கு விருந்தா? ஒரே ஓட்டமாக ஓடிவந்து அம்மாவின் மடியில் ஏறி, மறு பக்கத்தைப் பிடித்து, அவனை முறைத்துக்கொண்டே சப்புக்கொட்டிக் குடிக்க ஆரம்பித்தாள். நிஸார் அழுகையை நிறுத்தினான். அவளைப் பார்த்தான். அவள் வாயைப் பார்த்தான். பிறகு தன் பக்கம் திரும்பி, வாயைத் திறந்து, கவ்வினான்.

முற்றத்தில் எல்லோரும் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது ஏறி இறங்கியது.

"முழுங்கிட்டான்!" என்று தாஹ்ரா கத்தினாள். "ஒரு வாய் போதும்னு இமாமே சொல்லியிருக்கார். எல்லாரும் பாத்துக்கிட்டீங்களா? நாளைக்கு எவளும் நான் பாக்கலைன்னு சொல்லக்கூடாது!" குலவை எழுந்தது பாருங்கள், மலைக்கு அந்தப் பக்கம் மேய்ந்த ஆடு திரும்பியிருக்கும். யம்னா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, தேம்பித் தேம்பி அழுதாள். ஹம்மாம் யம்னா அழுது பார்த்தவர் எங்கள் ஊரில் யாரும் இல்லை. பாலில்காரிகளுக்குத்தான் அந்தக் கொடுப்பினை.

"அழுதது போதும்" என்றாள் ரஹ்மா, ரெண்டு பக்கமும் ரெண்டு பேரைத் தாங்கிக்கொண்டு. அவள் கண்ணும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. "ஒரு வாயாம் ஒரு வாய். என் புள்ள அரை வயித்தோடவா போவான்? அஞ்சு வேளை வயிறாரக் குடிக்கட்டும். நாலு நாள் இங்கயே கெட. மூசாம்பரத்தத் தூக்கி எறிங்க யாராச்சும்."

"ஒன் வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"அவனுக்கு நான் சொல்லிக்கறேன்" என்றாள் தாஹ்ரா, தேய்த்துச் சிவந்த கையை ஆசையாகத் தடவிக்கொண்டே. "செர்ரி ஏத்திக்கிட்டு ஃபெஸ் போயிருக்கான். வரும்போது ஒரு புள்ள கூடியிருக்கும், அவ்வளவுதானே."

அப்போது மதியச் சாப்பாட்டுக்குப் பள்ளிக்கூடம் விட்டு ரஹ்மாவின் மூத்தவன் மர்வான் வந்தான். ஐந்து வயது. முதுகில் பை. வீடு முழுக்கப் பெண்கள், முற்றம் முழுக்க ஈரம், சுவரோரம் யாரோ ஒருத்தி அழுதுகொண்டே சிரிக்கிறாள், அம்மாவின் மடியில் தெரியாத பயல் ஒருவன் ஜம்மென்று படுத்திருக்கிறான். வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இந்தம்மா யாரு?"

ரஹ்மா அக்காளைப் பார்த்தாள். யம்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தாள். ஒரு பிள்ளைக்குப் பெரியம்மா ஆகத்தான் அவள் வந்திருந்தாள். மர்வானுக்கும் சின்னவளுக்கும் அவர்கள் பிறந்த நாளிலிருந்தே தான் பெரியம்மா என்பதை அவள் அதுவரை நினைத்துப் பார்க்கக்கூடத் துணிந்ததில்லை.

"ஒன் பெரியம்மாடா" என்றாள் ரஹ்மா. "போயி கைய முத்தம் வை."

மர்வான் போய் முத்தம் வைத்தான். யம்னா அவனை விடவில்லை. அவன் நெளிந்து திமிறிக்கொண்டு, அம்மாவின் மடியைக் காட்டினான்.

"அப்ப இவன் யாரு?"

"தம்பி."

"தம்பியா? எப்பப் பொறந்தான்?"

"இப்பத்தான்டா. கால் மணி நேரம் ஆச்சு."

மர்வான் பையைக் கழற்றி வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தி, நிஸாரின் கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான். பத்தும் இருந்தது. "பரவாயில்ல, பெருசாத்தான் பொறந்திருக்கான்" என்றான்.